பதினாறு முழத்தில் நாலு முழம்

ஐந்தாம் வகுப்பைக்கூட முழுதாக முடிக்காதவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது உங்களுக்கு உறைக்கும். யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய காலால் மிதித்து ஓட்டும் ஒரு பழைய தையல் மிஷினை வைத்துக்கொண்டு தொடங்கினேன். இன்றைக்கு என் ஷெட்டில் நாற்பது மிஷின் ஓடுகிறது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து தாராபுரம் வரை எந்த ஜவுளிக்கடையில் போய் உள்பாவாடை கேட்டாலும் அடுக்கில் பாதி என்னுடையது. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துப் பட்டுக்கடைகளில் ஒரு கலருக்கு மேட்ச் கிடைக்கவில்லை என்றால் எனக்குத்தான் போன் வரும். வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம், "பொம்பளை ஒருத்தியா எப்படிங்கம்மா சமாளிப்பீங்க" என்று கேட்ட பேங்க்கில், இப்போது மேனேஜர் எழுந்து நாற்காலி இழுத்துப் போடுகிறார். இரண்டு மகள்களையும் இன்ஜினியர் ஆக்கினேன். காரும் ஓட்டுவேன். அறுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட விஷயம் இருக்கிறவள் வேறு எதைச் சொல்வாள்?

என் வயதுக்காரிகளே, நீங்களும் நானும் மில் சங்குச் சத்தத்தில் கண் விழித்தவர்கள். ஆறு மணிச் சங்கு ஊதினால் ஊரே புரண்டு படுக்கும். அந்தச் சங்கு எங்கள் வீட்டுக்கும் சேர்த்து ஊதத் தொடங்கிய வருஷம் எனக்கு வயது பத்து. மழை பெய்யவில்லை. போதாததற்கு மூட்டை ஏற்றிய வண்டி பள்ளத்தில் சாய்ந்து அய்யனின், அதாவது எங்கள் அப்பாவின், வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. நாட்டு வைத்தியர் வந்து முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவிக் கட்டிவிட்டுப் போனார். நாலு நாளில் அது நாற ஆரம்பித்தது. வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் சோற்றில் அந்த வாடை இருக்கும். அய்யன் நாடாக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். யாரிடமும் பேசமாட்டார். அம்மா மில்லுக்குப் போகிறேன் என்று சொன்னதில் அவருக்குக் கோபம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நம் அம்மாமார்கள் எப்படிச் சீலை கட்டுவார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பின்கொசுவம். பதினாறு முழச் சீலை. உள்ளே எதுவும் கிடையாது, இடுப்பில் ஒரு முடிச்சு மட்டும். கொசுவத்தை முதுகுப் பக்கம் மடித்துச் செருகினால் நடக்க நடக்க விசிறி மாதிரி விரியும், மூடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களை வெட்டுவார்கள், தண்ணீர் சேந்துவார்கள், மாட்டைத் துரத்துவார்கள். அவிழ்ந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்கு இரண்டே சீலை. காட்டு வேலைக்கு ஒரு வெளிறிய பச்சை. இன்னொன்று பாக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்தது. நோம்பி, பண்டிகைக்கு மட்டும் எடுப்பாள். மில்லுக்குப் போன முதல் நாள் பாக்கு நிறத்தைத்தான் கட்டினாள். கஞ்சி போட்டிருந்ததால் மொடமொடவென்று சத்தம் கேட்டது. வழி முழுக்க நான் அந்தக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு.

கேட்டில் மேஸ்திரி நின்றிருந்தார். நூல் சுற்றும் பிரிவுக்குப் பெண்களை எடுப்பது அவர் பொறுப்பு. அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு ஒரு சுற்று சுற்றி வந்து பின்னால் நின்றார்.

"ஏனுங்கம்மணி, இந்த வாலோட மிசின் சந்துல எப்படிங்க போவீங்க?"

அம்மாவுக்குப் புரியவில்லை. "எந்த வாலுங்க?"

"கொசுவமுங்க. முன்னால இருந்தா உங்க கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிக்குவீங்க. பின்னால இருந்தா பெல்ட்டுக்குத்தான் தெரியும். புடிச்சு இழுத்துச்சுன்னா நீங்க எங்க, சீலை எங்கன்னு தேடோணும். பொழைக்க வந்த எடத்துல அதெல்லாம் வேண்டாமுங்க."

"சொருகிக்கறனுங்க."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. முன்கொசுவம் வெச்சு இறுக்கமாக் கட்டிக்கிட்டு வர்ற திங்கக்கெழமை வாங்க. எடம் வெச்சிருக்கறேன். அன்னிக்கும் இப்படியே வந்தீங்கன்னா வேற ஆளைப் போட்டுக்குவனுங்க. சங்கடப்படாதீங்க."

அவ்வளவு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "கேட்டுல திருப்பி அனுப்பிச்சாங்கன்னு ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு." சொல்லமாட்டேன் என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் அப்போது முன்கொசுவம் வைத்தவள் ஒரே ஒருத்தி. பள்ளிக்கூடத்து டீச்சர். வெளியூர்க்காரி. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் பலகையைப் பார்க்கவில்லை, டீச்சரின் இடுப்பைத்தான் பார்த்தேன். கொசுவம் ஏழு மடிப்பு. மடிப்பின் வாய் இடது கைப் பக்கம் பார்த்திருக்கிறது. முந்தானை இடது தோளில். வலது இடுப்பிலிருந்து சுற்றிப் பின்னால் போய் முன்னுக்கு வருகிறது. எழுதும்போது கை தூக்குவாள், அப்போதும் கொசுவம் அசையவில்லை. சாக்பீஸ் விழுந்து குனிந்து எடுத்தாள், அப்போதும் அசையவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது.

புதன்கிழமை டீச்சர் என்னைப் பிடித்துவிட்டாள்.

"கணக்கு பலகையில இருக்கு. நீ எங்க பார்க்குற?"

"டீச்சர், அது எப்படிங்க உளுகாம நிக்குது?"

"எது?"

சுட்டிக் காட்டினேன். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சரின் முகம் சிவந்து போயிற்று. ஸ்கேலால் இரண்டு போட்டு வெயிலில் முட்டி போட வைத்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்தாள். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கினது முதல் எல்லாரும் அவள் சீலை கட்டியிருந்த விதத்தையே வெறித்துப் பார்த்திருப்பார்கள். வகுப்பிலும் ஒருத்தி வெறித்தால் என்ன செய்வாள்?

கண்ணால் பார்த்ததை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாட்டுக் கொட்டாயில் சாக்குப்படுதாவை இழுத்துவிட்டுப் பழகினோம். எருமை ஒன்றுதான் சாட்சி. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தோம். டீச்சர் கட்டியிருப்பது பன்னிரண்டு முழம், எங்களிடம் இருப்பது பதினாறு. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. சீலை என்றால் பதினாறு முழம்தானே? மிச்சத்தை எல்லாம் கொசுவத்தில் திணித்தோம். ஏழு மடிப்பு வர வேண்டிய இடத்தில் பதினான்கு வந்தது. அதைப் பழைய இடுப்பு முடிச்சிலேயே செருகினோம்.

"பொறத்தால ஒண்ணுமே கட்டாத மாதிரி இருக்குது கண்ணு" என்று அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர் அப்படித்தான் போறாங்கம்மா."

"டீச்சரு படிச்சவங்க. அவங்களுக்குக் கூச்சம் இருக்காது."

வெள்ளிக்கிழமை காலையில் பழகிப் பார்ப்போம் என்று அப்படியே கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் கூடவே போனேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, மிகவும் அக்கறையாக, "ஏனுங்க, எத்தன மாசமுங்க?" என்று கேட்டாள். குழாயடியே குலுங்கிற்று. இன்னொருத்தி, "ரெட்டைப் புள்ளையாட்ட இருக்குதுங்க" என்றாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே நிரம்பிய பித்தளைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

முடிச்சு விட்டுப்போயிற்று. முதலில் கொசுவம் சரிந்தது, அந்தக் கனம் மற்றதையும் இழுத்தது. அம்மா குடத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் சீலையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு போய்க் கல்லில் மோதியது. நான் ஓடிப் போய் அவள் முன்னால் என் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றேன். சிரித்தவர்களே வந்து சுற்றி நின்று மறைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்தக் குடத்தின் பள்ளத்தைப் பிறகு யாரும் தட்டி எடுக்கவில்லை. குடம் கடைசியில் எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழையபடி பின்கொசுவமே கட்டிக்கொண்டாள். "உட்டுரு கண்ணு. எனக்கு அந்தச் சோலி வராது" என்றாள். அடுப்பில் அன்றைக்குக் கேழ்வரகுக் களி கொஞ்சமாகத்தான் இருந்தது. தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. டீச்சருக்கு நிற்கிறது, அம்மாவுக்கு ஏன் நிற்கவில்லை? வெளியில் தெரிவதை ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். அப்படியானால் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. பத்து வயதில் இந்த யோசனை வந்தது எனக்கு. படித்தவர்கள் இதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. டீச்சர் வீட்டுப் பின்னால் வேலி ஓரமாகப் போய் நின்றேன். கொடியில் சீலை காய்ந்துகொண்டிருந்தது. முதலில் அதை என் முழங்கையால் அளந்தேன். பதினைந்து வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று தொங்கியது. வெள்ளைத் துணி. மேலேயும் வாய், கீழேயும் வாய், அடி தைக்க மறந்த சாக்கு மாதிரி. மேல் வாயில் சுற்றிலும் ஒரு மடிப்பு, அதற்குள் நாடா. நாடாவை இழுத்தால் வாய் சுருங்குகிறது, விட்டால் விரிகிறது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் கட்டுகிற பாவாடைதான். ஆனால் பெரிய பொம்பளை அதைச் சீலைக்கு அடியில் போடுவாள் என்று எங்கள் வீதியில் யார் கண்டார்கள்? கொடியிலிருந்து எடுத்து என் இடுப்பில் வைத்து இறுக்கிப் பார்த்தேன். விரலை உள்ளே விட்டேன். கவ்விப் பிடித்தது. கொசுவம் எதில் நிற்கிறது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

"திருடி!"

டீச்சர் பின்வாசலில் நின்றிருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் துணி கொடியிலிருந்து காணாமல் போயிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் கையைப் பிடித்தாள், வீதி வழியாக இழுத்துக்கொண்டு வந்தாள். எதற்கு எடுத்தேன் என்று வழியெல்லாம் கேட்டாள். சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். ஆனால் கேட்டில் திருப்பி அனுப்பியதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

எங்கள் வாசலில் நின்று டீச்சர் சொன்னாள்: "உங்க பொண்ணு என் உள்பாவாடையைத் திருடுறா. புதன்கிழமை கிளாஸ்ல அசிங்கமா கேள்வி கேட்டா. திங்கட்கிழமையிலேர்ந்து இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீங்க."

அம்மா தலைகுனிந்து நின்றாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அய்யனின் அக்கா அவள். கட்டிக்கொடுத்த இடத்தில் சீக்கிரமே தாலி இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அப்போது கட்டிலிலிருந்து அய்யன் குரல் வந்தது. இரண்டு வாரமாகக் கேட்காத குரல்.

"டீச்சரம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. உள்பாவாடைன்னா என்னதுங்க?"

டீச்சர் விடுவிடுவென்று திரும்பிப் போய்விட்டாள். பாவம், அவளால் அதற்கு என்ன சொல்ல முடியும்? அதோடு என் படிப்பு முடிந்தது.

அய்யன் என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்து, அது சீலைக்கு அடியில் கட்டுகிற பாவாடை, கொசுவம் அதில்தான் நிற்கிறது என்று கொட்டிவிட்டேன்.

"வெரல் உட்டுப் பாத்தியா?"

"பாத்தனுங்க. புடிச்சுக்குது. நாடா போட்டிருக்குது."

"சீலை எத்தன முழமிருந்துச்சு?"

"பதினஞ்சுங்க."

"யாரு கையில?"

என் கையை நீட்டினேன். அவர் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார். என் நடுவிரல் நுனி அவர் விரல்களின் அடிவரைக்கும்தான் எட்டியது. உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "என்ற கையில பன்னெண்டு வரும். நம்முளுது பதினாறு. நாலு மிச்சம்." பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மணி, அந்தப் பாக்குக் கலர எடுத்தா" என்றார்.

அவர் பேசாமல் கிடந்தது கோபத்தால் இல்லை. பெண்டாட்டியை மில்லுக்கு அனுப்புகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்ற வெட்கத்தால். அதைப் பிரித்தறியும் வயதா எனக்கு?

அம்மா பெட்டியைத் திறக்கும்போதே அத்தை ஓடி வந்து மூடியின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"வேண்டாம் சாமி. புருசன் இருக்கறப்ப கட்டற சீலையக் கிழிக்கப்படாது. நான் ஒருக்கா தூளி கட்டறதுக்குன்னு கிழிச்சேன். அந்த மாசமே உங்க மச்சான் போயிட்டாரு. நீ கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கற. இதுல அது வேறயா?"

அன்றைக்கு அவள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெடுக்க வந்தவள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாகத் தன் புருஷனைத் தன் கையாலேயே கொன்றதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது.

அம்மா பெட்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றாள். "அக்கா சொல்றதும் சரிதானுங்க. எனக்கு மில்லு வேண்டாம். நீங்க இருந்தாப் போதும்."

"எவளுக்கும் எதுவும் வேண்டாம்னா இந்தப் புள்ள எதத் திங்கறது?" என்றார் அய்யன். கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். வலியில் முகம் கோணிற்று. "அக்கா, கிழிச்சா சாவப்போறவன் யாரு?"

அத்தையின் கை பெட்டி மூடியை விட்டு விலகியது.

"நாந்தான? அப்ப நாந்தான் கிழிக்கோணும். பொம்பளைங்க மேல பழி வேண்டாம். எடுத்தா இந்தப் பக்கம்."

மத்தியானம். வெளியில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு முழம் அளந்து, கரையைப் பல்லால் கடித்து ஒரு வெட்டு வைத்து, இரண்டு கையாலும் இழுத்தார். கஞ்சி போட்ட துணி கிழிகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். கிழித்து முடித்ததும் அய்யன், "அக்கா, மூச்சு இருக்குதா பாரு" என்று மூக்கை நீட்டினார். அத்தை அழுதுகொண்டே சிரித்து அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நான் பார்த்தவரை அத்தை சிரித்ததும் அழுததும் ஒன்றாக நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த நாலு முழத்தைக் கோணி ஊசியில் அய்யனே தைத்தார். மிளகாய் மூட்டை தைத்துப் பழகிய கை. தையல் ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். கட்டிலின் கால்மாட்டிலிருந்து நாடாவை உருவி நீளவாக்கில் மடித்து உள்ளே கோத்தார். அதன்பிறகு அந்தக் கட்டிலில் கால் பக்கம் பள்ளமாகவே இருந்தது. இன்றைக்கு என் ஷெட்டில் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து வருகிற சரக்கைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் சொல்வேன், அந்த முதல் உருப்படி மாதிரி பிடிப்பு எதிலும் இல்லை என்று. பெண்கள் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவை நடக்கவிட்டேன், குனியவிட்டேன், ஓடவிட்டேன். நான் சொன்னேன், அவள் செய்தாள். நாடா முடிச்சை நேர் முன்னால் போடாதே, கொசுவத்தோடு சேர்ந்து துருத்தும், பக்கத்தில் போடு. முதல் செருகலை வலது இடுப்பில் ஆழமாகச் செருகு. ஒரு சுற்று வந்ததும் முந்தானையை முதலில் தோளில் எடுத்து அளவு பார்த்துக்கொள், மிச்சத்தில் கொசுவம் பிடி. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரே அளவாக மடி. செருகியபிறகு குனிந்து கீழ்க்கரையை ஒரு தடவை இழுத்துவிடு. கடைசியில் முந்தானையைச் சுற்றி இடுப்பில் அடக்கு, தொங்கல் ஒன்றும் இருக்கக் கூடாது. இன்றைக்கு யூடியூபில் ஒரு பெண் இதையே சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு அப்போது பத்து வயது.

திங்கட்கிழமை. மேஸ்திரி சுற்றி வந்தார். பின்னால் நின்றார். முன்னால் வந்தார். "குனிஞ்சு எந்திரிங்க பாக்கலாம்" என்றார். அம்மா குனிந்தாள். எழுந்தாள். ஒன்றும் அசையவில்லை.

"பரவால்லீங்களே! உள்ள போங்க."

அம்மா திரும்பிப் பார்க்காமல் போனாள். கொசுவம் இல்லாத அவளுடைய முதுகுப் பக்கம் கேட்டுக்குள் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு வந்தாள். அய்யனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கூடிற்று, கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். நான் பேரப்பிள்ளை எடுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அத்தை மட்டும் அந்த வருஷம் முழுக்கத் தினமும் காலையில் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பித் தண்ணி குடிப்பாள்.

அடுத்த ஆறு மாசத்தில் நம் வீதியிலிருந்து எத்தனை பேர் மில்லுக்குப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அம்மாமார்கள்தான். ஒவ்வொருத்தியும் எங்கள் மாட்டுக் கொட்டாய்க்கு வந்து பழகினாள். அய்யன் கோணி ஊசியோடு உட்கார்ந்திருப்பார். "இதை யாருங்க உங்களுக்குக் கத்துக் குடுத்தது?" என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். அம்மா, "மில்லுல பாத்துப் பழகினதுங்க" என்பாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பமாட்டாள்.

அந்தக் கோபம் எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றபிறகும் போகவில்லை. என் பெரிய மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது. டீச்சர் வீட்டுக் கொடியில் நான் துணி திருடினேன் என்று ஒரு பேச்சு அப்போதே வீதியில் இருந்தது. என்னிடம் கற்றதாக அம்மா சொல்லியிருந்தால், இவள் எங்கே கற்றாள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் போகும். என்னை மறைத்து வைத்தாள். நல்லதற்குத்தான் செய்தாள். அவள் மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை.

ஆனால் இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? என்னைப் பெண் பார்க்க இனி யாரும் வரப்போவதில்லை. உங்கள் பேத்திகள் காலேஜ் விழாவுக்குச் சேலை கட்டிக்கொள்ள உங்களிடம்தான் வந்து நிற்கிறார்கள். அவர்கள் இடுப்பில் கொசுவத்தைச் செருகும்போது, எங்கம்மாகிட்டக் கத்துக்கிட்டேன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள். உங்கள் அம்மா யாரிடம் கற்றாள்? என் அம்மாவிடம். அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. அதையும் ஏறுங்கள். அந்தச் சீலையைக் கிழித்தது என் அய்யன், கட்டி நடந்து காட்டியது என் அம்மா. அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான். திருடி என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு, படிப்பையும் விட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் கண்டுபிடித்தவள் நான். சொல்லும்போது மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னைச் சொல்லும்போது ஊரில் ஒரு பிள்ளை என்று பொதுவாகச் சொல்லாமல், பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். உங்கள் எல்லாருக்கும் அது தெரியும்.